இல்லை என்ற சொல் இல்லாத ஆங்கிலம்

திரைக்காரம்மாவுக்குத் தேங்காய் உடைத்தாற்போல்தான் பேச வரும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் கத்தரிப்பூ நிறத்தில் பளபளக்கும் துணியைக் கொண்டுவந்து, வரவேற்பறை ஜன்னலுக்கு இது எப்படியிருக்கும் என்று ஆசையாகக் கேட்டார். "பேய் பங்களா மாதிரி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அதே துணியில் மடிப்பு மடிப்பாகத் திரை தைத்துக் கொடுத்து, அந்த வாடிக்கையாளரையே அடுத்த வாரம் இரண்டு தோழிகளோடு கடைக்குத் திரும்ப வரவைத்தவர் அவர். கடையின் மூன்று தையல் இயந்திரங்களும் ஒன்றாக ஓடினாலும் அவர் குரல் பஸ் நிறுத்தம் வரைக்கும் போகும். அந்தக் குரலை வைத்தே இறங்குமிடம் வந்துவிட்டதென்று தூக்கத்திலிருந்து எழுந்து இறங்குகிற பயணிகள் உண்டு.

அப்பேர்ப்பட்டவர் ஒரு விடுமுறை நாள் மாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போது வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த கணவர் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர். பேச்சில் மகா சிக்கனம். அவரே பயந்துபோய் மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏங்க," என்றார் திரைக்காரம்மா ஒருவழியாக. "அந்தம்மா வாசல்ல நின்னு கடைசியா ஒண்ணு சொன்னாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"எது?"

"வி மஸ்ட் டூ திஸ் அகெய்ன் சம்டைம்."

"மறுபடி ஒருநாள் நாம இப்படிச் சந்திக்கணும்னு அர்த்தம்."

"அது எனக்கும் தெரியும். நான் அர்த்தத்தைக் கேக்குறேன்."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், பதில் தெரியாத கேள்விக்கு ஜன்னலைப் பார்ப்பதே உத்தமம் என்று கண்டுகொண்டவர்.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே மகள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பையனின் வீட்டு மொழி வேறு, இவர்கள் வீட்டு மொழி வேறு. காதலர்கள் இருவரும் ஆங்கிலத்தில் பேசிச் சிரித்து ஆங்கிலத்தில் கோபித்து ஆங்கிலத்திலேயே சமாதானமாகிக்கொண்டார்கள். சிக்கல் எல்லாம் அம்மாக்களிடம்தான் வந்து நின்றது.

முதலில் மகள்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துப் பார்த்தாள். அரை நாள்கூடத் தாங்கவில்லை. "அந்தம்மா பேசினது இவ்வளவு நீளம், நீ சொன்னது இத்தனூண்டு. மீதியை எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?" என்று திரைக்காரம்மா மகளை உலுக்கிவிட்டார். அந்தப் பக்கம் பையனுக்கும் அவன் அம்மாவிடம் இதே பூசை நடந்திருக்கிறது. காதலிக்கிற பிள்ளைகள் மொழிபெயர்த்தால் வேப்பெண்ணெயும் தேனாகத்தான் வரும் என்று, இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் கேட்காமலேயே ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

மகளுக்குப் பொறுமை போயிற்று. "இனிமே நாங்க நடுவுல வரமாட்டோம். நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்து சம்மதம்னு சொல்லணும். அவருக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில வேலை வந்திருக்கு. மாசக் கடைசிக்குள்ள நீங்க சொல்லிட்டா ரெண்டு பேருமா போறோம். இல்லையா, அவர் மட்டும் போவார். அதோட சரி."

அழுதுகொண்டே சொல்லியிருந்தால் திரைக்காரம்மா சமாளித்திருப்பார். அவள் பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

அப்படித்தான் அவர் ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். அப்படித்தான், பாதி பாடம் முடிந்த தைரியத்தில், அந்த விடுமுறை நாளில் பையன் வீட்டுக்குப் போனார்கள். பையனுக்கு அப்பா இல்லை. அவன் அம்மா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து அவனை வளர்த்தவர். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது, சொன்னபடியே மொழிபெயர்க்க மறுத்த பிள்ளைகளையும் சேர்த்து ஐந்து பேரும் சிரித்தார்கள். பேச்சு வராததால் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். தாடை பிடித்துக்கொண்டு, கன்னம் மரத்து, கடைசியில் கணவரின் சிரிப்பு அவர் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு, அதை எடுக்க வீட்டுக்கு வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவேண்டியதாயிற்று. அதைவிட, கண்ணாடிக்கடையம்மா பார்த்த பார்வை! திரைக்காரம்மாவின் இடது கண்ணை ஒரு பார்வை, வலது கண்ணை ஒரு பார்வை, நடுவில் மூக்குத்தண்டை ஒரு பார்வை. சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பவன்கூட இத்தனை நுணுக்கமாகப் பார்க்கமாட்டான். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க அந்த வீட்டு ஜன்னல் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்று, வளர்ந்த பிள்ளை போட்ட பழைய கால்சட்டை மாதிரி தொங்கியது. பார்க்கப் பார்க்க அவருக்குக் கை அரித்தது.

கிளம்பும்போது வாசலில் சொல்லப்பட்டதுதான் அந்த வாக்கியம்.

ஆங்கில வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. ரப்பர் வாடை மூக்கில் ஏறினால்தான் அங்கே படிக்கிறவர்களுக்கு ஆங்கிலமே வரும். வாத்தியார் ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்றே ஆயுளைக் கழித்து ஓய்வுபெற்றவர். லாபி வாத்தியார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கற்ற ஆங்கிலம் முழுவதும் அந்த மேஜையில் கற்றது. அந்த மேஜையில் 'இல்லை' என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. அறை காலியில்லை என்றால், "லெட் மீ சீ வாட் ஐ கேன் டூ." குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், "வி வில் சர்ட்டன்லி லுக் இன்டு இட்," சொல்லிவிட்டு எட்டிக்கூடப் பார்க்கவேண்டியதில்லை. வீட்டில் மனைவி "பால் வாங்கினீங்களா?" என்று கேட்டால்கூட, "உன் அக்கறைக்கு ரொம்ப நன்றி" என்பாராம். அந்த அம்மாள் இருபது வருடமாகக் கடுங்காப்பிதான் குடிக்கிறார்.

அவர் நடத்திய முதல் பாடமே இது: "ஆங்கிலத்துல எதையும் நேரா கேக்கக்கூடாது, நேரா சொல்லவும் கூடாது. நேரா கேக்கறது, அடுத்தவங்க வீட்டுக் குளியலறைக் கதவைத் தட்டாம திறக்கற மாதிரி." திரைக்காரம்மாவுக்கு அன்று முதல் ஆங்கிலம் என்றாலே கதவுக்கு வெளியே நின்று செருமுவது என்றாகிவிட்டது.

மாலை வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வாரத்தில் யார் காதிலாவது புரியாத வாக்கியம் விழுந்தால், அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து வகுப்பின் நடுவே கிடத்தவேண்டும். எல்லோரும் சூழ்ந்து நின்று அதை அறுத்துப் பார்ப்பார்கள். 'பிரேதப் பரிசோதனை' என்று அதற்குப் பெயர் வைத்தவர் ஆம்புலன்ஸ் டிரைவர். கடைசியில் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு, இதற்கு இதுதான் அர்த்தம் என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

"வி மஸ்ட் டூ திஸ் அகெய்ன் சம்டைம்" என்று திரைக்காரம்மா நடுவில் நின்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அக்கா, முடிஞ்சுபோச்சு," என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். "உயிர் போயிடுச்சு. 'சம்டைம்'னு முடியற எதுவும் பிழைக்காது. என் வண்டியில ஒருத்தர், மண்டை பிளந்து கிடக்கறார். 'ஹவ் ஆர் யூ'ன்னு கேட்டேன். 'ஃபைன், தேங்க் யூ'ங்கறார். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த மொழியில எவன் என்ன சொன்னாலும் நாடியைத் தொட்டுப் பார்க்காம நம்பக்கூடாது."

"சும்மா இருங்கண்ணே," என்றார் பூட்டுக்காரர். பூட்டிய கதவைத் திறந்துவிடுவது அவர் தொழில். உலகத்தில் எல்லாவற்றுக்கும் சாவி உண்டு என்பது அவர் கட்சி. "சாவி 'மஸ்ட்'ல இருக்கு. 'மஸ்ட்'னா கட்டாயம். கட்டாயம் வரணும்னு கூப்பிட்டிருக்காங்க."

"நீ பேசாதய்யா. வீட்டுக்கு வெளிய மாட்டிக்கிட்ட அந்த மனுசன் 'நோ ஹரி'ன்னு சொன்னார்னு நீ மறுநாள்தான் போன. அவர் ராத்திரி முழுக்க வாசப்படியில உக்காந்திருந்தார்!"

"அவசரமில்லைன்னு அவர்தானே சொன்னார்!"

லாபி வாத்தியார் மேஜையைத் தட்டினார். "அர்த்தம் வார்த்தையில இல்ல, தொனியில இருக்கு. மேடம், அவங்க சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுங்க."

திரைக்காரம்மா கண்ணாடிக்கடையம்மாவாகவே மாறினார். இல்லாத கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார். பூட்டுக்காரரின் இடது கண், வலது கண், மூக்குத்தண்டு என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, உதட்டை மெல்லிசாக இழுத்து வாக்கியத்தை விட்டார். பூட்டுக்காரருக்கு அந்த இடத்திலேயே வியர்த்துவிட்டது.

"யார் மேடம் இது?" என்றார் வாத்தியார். குரல் என்னவோ போலிருந்தது.

"கண்ணாடிக் கடை வச்சிருக்கற ஒரு அம்மா, சார். அவங்க இங்கிலீஷ் ரொம்ப உசத்தி சார். நெய் ஊத்தின மாதிரி வழுக்கிட்டு வருது."

வாத்தியாருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தார், தும்மினார், மறுபடி தண்ணீர் குடித்தார். பிறகு, அந்த வகுப்பில் யாருமே பார்த்திராத விதத்தில், கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்.

ஓட்டெடுப்பில் சம்பந்தம் மறுக்கப்பட்டது என்று ஏழு கை, ஏற்கப்பட்டது என்று நாலு கை. பாத்திரக்கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கியதால் அவர் ஓட்டு செல்லாது. சந்தேகம் இருப்பதால், பதிலுக்கு ஒரு வாக்கியம் அனுப்பி ஆழம் பார்க்கலாம் என்று தீர்மானமாயிற்று. வாத்தியாரே உற்சாகமாகச் செதுக்கிக் கொடுத்தார். திரைக்காரம்மா அதைப் போனில் தட்டி அனுப்பினார்: 'தட் இஸ் வெரி கைண்ட் ஆஃப் யூ. வி வுட் நாட் வான்ட் டு டிரபிள் யூ.' உங்கள் அன்புக்கு நன்றி, உங்களுக்குச் சிரமம் கொடுக்க விரும்பமாட்டோம்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் பதில் வந்தது: 'நோ டிரபிள் அட் ஆல். ஒன்லி இஃப் யூ ஆர் ஃப்ரீ.' ஒரு சிரமமும் இல்லை. உங்களுக்கு நேரமிருந்தால் மட்டும்.

"மட்டும்!" என்று மாலை வகுப்பில் ஆம்புலன்ஸ் டிரைவர் தலையில் கைவைத்தார். "அந்த 'மட்டும்' இருக்கு பாருங்க, அது ஆக்ஸிஜன் குழாயைப் புடுங்கற வார்த்தை."

"ஃப்ரீங்கறாங்க," என்றார் பூட்டுக்காரர். "கதவு திறந்திருக்குன்னு அர்த்தம்."

வாத்தியார் கண்ணை மூடி யோசித்தார். அடுத்த வாக்கியம் பிறந்தது: 'வி வில் சர்ட்டன்லி கீப் இட் இன் மைண்ட்.' நிச்சயமாக மனதில் வைத்துக்கொள்கிறோம்.

"சார், இது கொஞ்சம் விறைப்பா இல்ல?" என்றார் திரைக்காரம்மா.

"மேடம், இந்த ஒரு வாக்கியத்தை வச்சு நான் ஒரு மந்திரியையே மூணு மணி நேரம் லாபியில உக்கார வச்சிருக்கேன். அவர் போகும்போது நன்றி சொல்லிட்டுப் போனார்."

அதற்குள் இந்தச் சண்டை பேட்டை முழுக்கப் பிரசித்தமாகிவிட்டது. வகுப்பில் சேராதவர்கள்கூட மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்கள். டயர் கடைக்காரர் கடையை அரைக் கதவு சாத்திவிட்டு மேலே ஏறி வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். கிருமி மாதிரி இந்த ஆங்கிலம் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. "சாப்பாடு ஆச்சா?" என்று கணவர் கேட்டதற்கு, திரைக்காரம்மா தன்னையறியாமல் "பார்க்கலாம்ங்க, முயற்சி பண்றேன்" என்றார். கணவர் பயந்து தானே அடுப்பு மூட்டினார்.

மகள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் பெட்டி அடுக்குவதற்குப் பையனுக்கு உதவி செய்துவிட்டு வந்தாள். அவனுடைய பழைய குடை இவளிடம் இருந்ததாம், திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் குடை போனதைத்தான் திரைக்காரம்மாவால் தாங்க முடியவில்லை. கடையில் போய் உட்கார்ந்து ஒரு திரைக்கு நாலு பக்கமும் அடித்து மூட்டித் தலையணை உறையாக்கிவிட்டார்.

அடுத்து வந்தது அந்த வாக்கியம். 'டேக் யுவர் டைம்.'

நிதானமாகச் செய்யுங்கள். மூன்றே வார்த்தை. ஆற அமர யோசித்து வாருங்கள், நாங்கள் எங்கும் ஓடிவிடமாட்டோம் என்கிறாரா? இல்லை, எக்கேடாவது கெட்டுப் போங்கள், உங்களுக்காக இங்கே யாரும் தவம் கிடக்கவில்லை என்கிறாரா? திரைக்காரம்மா அதைக் கண்ணாடி முன்னால் நின்று அன்பாகச் சொல்லிப் பார்த்தார்; சரியாக இருந்தது. வெறுப்பாகச் சொல்லிப் பார்த்தார். அதைவிடச் சரியாக இருந்தது. மாதக் கடைசிக்கோ ஒரு கை விரல் எண்ணிக்கைக்குக்கூட நாள் மிச்சமில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் சத்தம் அவர் காதிலேயே கேட்டது.

மாலை வரை பொறுக்க முடியவில்லை. காலையிலேயே கடையைக் கணவர் தலையில் கட்டிவிட்டு டயர் கடை மாடிக்கு ஓடினார். வாத்தியாருக்குக் காலையிலும் ஒரு வகுப்பு உண்டென்று தெரியும், வேறு மொழிக்காரர்களுக்கு. நடுவில் புகுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடலாம்.

பாதிப் படியிலேயே ஒரு குரல் கேட்டு நின்றுவிட்டார். நன்றாகத் தெரிந்த குரல். வேறு யாருடையதும் அல்ல, அவருடைய சொந்தக் குரல்.

"வி வில் சர்ட்டன்லி கீப் இட் இன் மைண்ட்."

படியில் நிற்கிற நான் எப்படி அறைக்குள் பேசுகிறேன் என்று ஒரு கணம் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பூனை போல ஏறி, பாதி திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தார்.

வகுப்பின் நடுவே கண்ணாடிக்கடையம்மா நின்றிருந்தார். இடுப்பில் கை. முகவாய் வானத்தைப் பார்த்தது. இல்லாத ஒரு திரையை உச்சியிலிருந்து மெதுவாக, மிக மெதுவாக, அடிவரை பார்த்தார். அடியில் வந்ததும் செத்த எலியைக் கண்டாற்போல உதட்டைச் சுழித்தார். சுழித்த உதட்டோடு அந்த வாக்கியத்தை மறுபடி சொன்னார். அச்சு அசல் திரைக்காரம்மா! பெற்ற மகளால்கூட அந்த நடிப்பில் குறை சொல்லியிருக்க முடியாது.

பதில் அனுப்பிய பிறகும் அந்த வாக்கியத்தின் பிரேதப் பரிசோதனை இங்கே முடியவில்லை போலும்; சுற்றி இருந்தவர்கள் தங்கள் மொழியில் இரைந்தார்கள். மாவு படிந்த சட்டையோடு ஒரு பெரிய மனிதர், பேக்கரிக்காரராக இருக்கவேண்டும், கண்ணை மூடித் தலையை இடமும் வலமும் ஆட்டினார். மொழி தெரியாவிட்டால் என்ன, அது ஆம்புலன்ஸ் டிரைவரின் தலையாட்டல்தான். பிறகு கைகள் உயர்ந்தன. எதற்கு உயர்ந்தன என்று கேட்க வேண்டியதில்லை. கண்ணாடிக்கடையம்மா கைகளை எண்ணினார், கண்ணாடியைக் கழற்றினார், மேலே போட்டிருந்த துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரைக்காரம்மா கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினார். இத்தனை நாள் மதில்மேல் நிற்கும் ராணியென்று நினைத்திருந்த ஆள், இங்கே நாலு பேர் நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறது.

அப்போதுதான் லாபி வாத்தியார் கதவுப் பக்கம் திரும்பினார். ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு, இருவரும் பெட்டியோடு ஒன்றாக வந்து சாவி கேட்டால் வரவேற்பு மேஜைக்காரனுக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம் வந்தது அவருக்கு.

"குட் மார்னிங் மேடம்! வாட் அ ப்ளெசன்ட் சர்ப்ரைஸ்!"

"சார், இந்தம்மா உங்ககிட்டயா படிக்கறாங்க?"

"அது நாம பார்க்கற கோணத்தைப் பொறுத்தது, மேடம்."

"'நோ டிரபிள் அட் ஆல்' யார் எழுதிக் கொடுத்தது?"

"உங்க கேள்வியை நான் நிச்சயமா கவனத்துல—"

"சார்!"

அந்தச் சத்தத்தில் கீழே டயர் கடையில் ஏதோ உருண்டு போகும் ஓசை கேட்டது.

"நான்தான்," என்றார் வாத்தியார்.

"அதுக்கு பதிலா 'கீப் இட் இன் மைண்ட்'?"

"அதுவும் நான்தான்." குரலில் ஒரு பொட்டு வெட்கம் இருந்தது, அதற்கடியில் ஒரு குடம் பெருமை இருந்தது. "கொஞ்சம் என் பக்கமும் யோசிங்க மேடம். காலையில இந்தப் பக்கம் நின்னு பந்தை அடிப்பேன். சாயங்காலம் ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்னு அதை நானே எடுப்பேன். எனக்குச் சமமா ஆட ஆளே கிடைக்காம இருந்தேன்!"

"என் பொண்ணு வாழ்க்கை சார் அது!"

"முதல்லயே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா வகுப்பு நிறைஞ்சு வழிஞ்சுது மேடம். ஒருத்தர் லீவு போடல. காய்ச்சலோட வந்தாங்க!"

கண்ணாடிக்கடையம்மா அவர் பக்கம் திரும்பித் தன் மொழியில் ஏதோ கேட்டார். வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் முகம் வெளுத்து, சிவந்து, கடைசியில் கையிலிருந்த கண்ணாடி வாத்தியாரை நோக்கிக் குறிபார்க்கும் ஆயுதமாக மாறியது.

"நான் மொழிபெயர்க்கறேன்," என்று வாத்தியார் நடுவே வந்தார். "ரெண்டு பேரும் உக்காருங்க, அழகா, பதமா—"

"வேண்டாம்!" என்றார் திரைக்காரம்மா. அதையே தன் மொழியில் அவரும் சொல்லியிருக்க வேண்டும். அதே நேரம், அதே சத்தம், வாத்தியாரின் மார்பைத் தள்ளியது அதே மாதிரி ஒரு கை.

இரண்டு அம்மாக்களும் நேருக்கு நேர் நின்றார்கள். திரைக்காரம்மா தன்னிடமிருந்த ஆங்கிலத்தையெல்லாம் உதறிப் பார்த்தார். மெழுகிய வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டார். அடியில் நாலைந்து வார்த்தைதான் மிச்சமிருந்தது.

"ஐ லைக் யுவர் சன்," என்றார்.

கண்ணாடிப் பாத்திரம் உடைவதைக் கேட்டவர் போல வாத்தியார் கண்ணை இறுக்கி மூடினார்.

"மை டாட்டர்... யூ லைக்? நோ லைக்?"

"லைக்!" கண்ணாடிக்கடையம்மாவின் குரல் உடைந்து வந்தது. "வெரி லைக்! ஃபர்ஸ்ட் டே லைக்! பட் யூ... யூ நோ லைக் மை ஹவுஸ்." முகவாயைத் தூக்கி, உதட்டைச் சுழித்து, அந்தப் பார்வையைத் திரும்பச் செய்து காட்டினார்.

"நோ, நோ! தட், மை ஜாப்!" திரைக்காரம்மா காற்றில் தையல் இயந்திரம் ஓட்டினார். "கர்ட்டன்! மை ஜாப், கர்ட்டன்! ஐ லுக் ஆல் ஹவுஸ் கர்ட்டன்!" அதோடு நிறுத்தியிருக்கலாம். எவ்வளவு அழகான திரை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் காரியம் கூடியிருக்கும். ஆயிரம் பொய் சொல்லி நடத்துவதுதானே கல்யாணம். ஆனால் நாக்கு கேட்கவில்லை. "யுவர் கர்ட்டன் ஷார்ட். வெரி பேட் ஷார்ட்."

பேக்கரிக்காரர் வாயில் கைவைத்துக்கொண்டார்.

கண்ணாடிக்கடையம்மாவின் தோள் குலுங்கியது. அழுகையென்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "மை பிரதர் மேக்," என்றார் சிரிப்புக்கு நடுவே. "மை பிரதர், இடியட்!"

"யூ லுக் மை நோஸ்," என்று திரைக்காரம்மா தன் கட்சியையும் வைத்தார். "ஒன் ஐ, டூ ஐ, நோஸ். வொய்?"

"மை ஜாப்!" கண்ணாடிக்கடையம்மா தன் கையிலிருந்த கண்ணாடியைத் திரைக்காரம்மாவின் மூக்கில் மாட்டியே விட்டார். "யூ நீட் கிளாஸ். லாங் டைம் நீட்!"

திரைக்காரம்மா முதல்முறையாக எதிரே நிற்கும் முகத்தைத் தெளிவாகப் பார்த்தார். அதிலிருந்த சுருக்கமெல்லாம் கர்வம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். வெறும் தூக்கமில்லாத முகம். தன் வீட்டுக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தான்.

"மேரேஜ்?" என்றார்.

"மேரேஜ்! யெஸ்! ஓகே! யெஸ்!"

காலை வகுப்பு கூரையைத் தூக்கிவிட்டது. பேக்கரிக்காரர் வாத்தியாரைக் கட்டிப்பிடித்ததில் வாத்தியார் பாதி மாவாகிப்போனார். யாரோ ஓடிப்போய்ப் படியில் நின்று தெருவுக்கே செய்தி சொன்னார்கள்.

"திஸ் மந்த்," என்றார் திரைக்காரம்மா, சூட்டோடு சூடாக.

"நோ, நோ. நெக்ஸ்ட் இயர்."

"நெக்ஸ்ட் இயரா?"

"மை சிஸ்டர் கம். மெனி பீப்பிள் கம். பிக் ஹால். நெக்ஸ்ட் இயர்."

திரைக்காரம்மாவின் ஆங்கிலம் அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று. தீர்ந்ததே நல்லதென்று இடுப்பில் கையை ஊன்றினார். "அடுத்த வருஷமா! அதுவரைக்கும் பிள்ளைங்க ரெண்டும் ஆளுக்கொரு ஊர்ல உக்காந்து ரயிலை வேடிக்கை பார்க்குமா? உங்க தங்கச்சி வர்றதுக்காக என் பொண்ணு குடையை வாங்கிட்டு வந்து திரும்பக் குடுத்துக்கிட்டே இருப்பாளா? சின்னதா ஒரு ஹால், நாலு பேர், முடிச்சு அனுப்புவீங்களா, பெருசா பேச வந்துட்டீங்க!"

கண்ணாடிக்கடையம்மா சளைக்கவில்லை. தன் மொழியில் அணை திறந்த மாதிரி கொட்டினார். விரலை மடக்கி மடக்கி ஏதோ உறவுகளை எண்ணினார். பத்து விரலும் போதாமல் பேக்கரிக்காரரின் விரல்களைக் கடன் வாங்கினார். இவர் குரல் ஏற, அவர் குரல் ஏற, ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது.

வாத்தியாருக்குக் கை துறுதுறுத்தது. "மேடம், அவங்க என்ன சொல்றாங்கன்னா, உங்க கருத்தை அவங்க ரொம்ப மதிக்கறாங்க, இருந்தாலும்—"

"பொய் சொல்லாதீங்க சார். 'உனக்குப் புத்தி இருக்கா'ன்னு கேக்குறாங்க."

"உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"நானும் அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்!"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மகள். கடையில் அப்பா மட்டும் இருப்பதாகக் கேள்விப்பட்டு, நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவில் கூப்பிட்டிருக்கிறாள்.

"அம்மா, எங்க இருக்க? என்ன சத்தம் அது? யாரோட சண்டை போடற?"

"சம்பந்தியோடடி! வை போனை, அப்புறம் பேசறேன்."

மறுமுனையில் எதுவோ தொப்பென்று விழுந்தது; நோயாளியின் காலாக இருக்கலாம். அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. மூக்கிலிருந்து வழுக்கிய கண்ணாடியை ஏற்றி மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.